கல்லுக்கு மேலே செங்கல்: மன்னார்குடி வட்டாரத்துச் சுடுமண் கட்டுமானமும் ஆனைமங்கலச் செப்பேட்டின் ஓர் உரிமையும்

காவிரிப் படுகையின் கட்டடக்கலை செங்கல்லில் தொடங்கிக் கருங்கல்லில் நிறைவெய்தியது என்னும் கருத்து, எஸ். ஆர். பாலசுப்பிரமணியம் 1966 முதல் வெளியிட்ட சோழர் கோயில் நூல்வரிசைக்குப் பிறகு, மறு ஆய்வு தேவைப்படாத ஒன்றாகவே கருதப்பட்டு வருகிறது. நாயன்மார் பாடிய தலங்கள் பெரும்பாலும் செங்கல் தளிகளாக இருந்தன என்பதும், முதலாம் ஆதித்தன் தொடங்கிச் செம்பியன் மாதேவி வரையிலான ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் அவை ஒன்றன்பின் ஒன்றாகக் கற்றளிகளாக, அதாவது கருங்கல் கோயில்களாக, மாற்றப்பட்டன என்பதும் அவருடைய முடிபுகள். இம்முடிபுகள் பிழையானவை அல்ல. ஆனால் அவற்றைப் படிப்பவர் மனத்தில் நிற்கும் படம், கல் வந்தபின் செங்கல் வரலாற்றிலிருந்து விலகிவிட்டது என்பதாகும். மன்னார்குடியை நடுவாக வைத்து, வெண்ணாற்றிலிருந்து நாகப்பட்டினக் கடற்கரை வரையுள்ள நெல்நிலப் பகுதியைப் பார்த்தால் அந்தப் படம் நிலைக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பாலசுப்பிரமணியம் முன்வைத்த சான்றுகளை முதலில் நேர்மையாக எடைபோட வேண்டும். சுந்தர சோழனின் அன்பில் செப்பேடுகள், சையமலையிலிருந்து கடல் வரை காவிரியின் இரு கரைகளிலும் ஆதித்தன் சிவபெருமானுக்குக் கற்கோயில்களை வரிசையாக எடுத்தான் எனப் புகழ்கின்றன. இப்புகழுரையை அவர் ஏறக்குறைய அப்படியே வரலாற்றுச் செய்தியாகக் கொண்டு, ஆதித்தன் காலத்துக் கல்வெட்டு கிடைக்கும் கோயில்களை அந்த வரிசையில் வைத்தார். இக்கால வரையறையில் டக்ளஸ் பாரெட் போன்றோர் வேறுபட்டனர். அந்த வழக்கு இங்கே வேண்டியதில்லை. இங்கு வேண்டுவது திருக்கோடிக்காவலில் செம்பியன் மாதேவி செய்த பணி. பழைய கோயிலைக் கல்லால் புதுப்பித்தபோது, தனிக் கற்களில் சிதறிக் கிடந்த முந்தைய சாசனங்களைப் புதிய சுவரில் படியெடுத்து வெட்டச் செய்தார் அந்த அரசியார். இதனைப் பாலசுப்பிரமணியம் மரபைப் போற்றிய செயலாகப் பாராட்டுகிறார். பாராட்டு முற்றிலும் தகும். ஆயினும் அதே செய்தி மற்றொன்றையும் உணர்த்துகிறது. செங்கல் சுவர் எழுத்தைத் தாங்காது. அதன்மேல் பூசிய சுண்ணம் உதிர்ந்தால் அதில் எழுதியதும் உதிரும். ஆகவே ஒரு செங்கல் கட்டடம் இருந்ததை நாம் பெரும்பாலும் அறிவது அது அகற்றப்பட்ட வேளையில்தான். கல்வெட்டைக் கொண்டு எழுதப்படும் வரலாறு கல்லின் வரலாறாகவே அமைந்துவிடுவது இயல்பு. அக்குறையைச் சான்றின் குறையாகக் கொள்ளாமல் செங்கல்லின் மறைவாகக் கொண்டதே அவருடைய வாசிப்பில் நேர்ந்த சறுக்கல்.

கல் கிடைக்காத நிலம் இது என்பதை மீண்டும் நினைவூட்டத் தேவையில்லை. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பக்கத்துப் பாறைகளிலிருந்து வண்டியேற்றிக் கொண்டுவந்தாலன்றி மன்னார்குடியில் ஒரு கருங்கல் தூண் நிற்க முடியாது. மண்ணோ காலடியில் கிடந்தது. காவிரிப்பூம்பட்டினத்தை அடுத்த கீழையூரில் தொல்லியல் துறை அகழ்ந்த படகுத்துறை மேடையும், அப்பர் பெருமான் எழுபத்தெட்டு எனக் கணக்கிட்ட பெருங்கோயில்களுடன் சேர்த்து எண்ணப்படும் நல்லூர், நன்னிலம், வைகல் போன்ற மாடக்கோயில்களின் மரபும், இந்நிலத்தின் முதற்பெருங் கட்டுமானப் பொருள் சுட்ட மண்ணே என்பதைக் காட்டப் போதுமானவை. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதுவுமின்றிக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் பெருமிதம் கொள்வதும், அவை நான்குமே வழக்கமான பொருள்களாக இருந்ததனால்தான்.

இனி, இக்கட்டுரை சார்ந்து நிற்கும் சான்று. முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1005–06இல், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக, அதாவது சமண பௌத்தப் பள்ளிகளுக்குரிய இறையிலியாக, வழங்கப்பட்டது. லெய்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தமையால் பெரிய லெய்டன் செப்பேடுகள் எனவும், ஊரின் பெயரால் ஆனைமங்கலச் செப்பேடுகள் எனவும் வழங்கும் இவ்வேடுகளில், ஏறத்தாழ 97 வேலி நிலமும் 8,943 கலத்துக்கு மேற்பட்ட நெல்வருவாயும் குறிக்கப்பட்டுள்ளன. கடாரத்து அரசன் எடுப்பித்த விகாரம், சோழனின் கொடை, கடல் கடந்த உறவு எனப் பெருஞ்செய்திகளுக்காகவே ஆய்வாளர் இவ்வேடுகளைத் திரும்பத் திரும்பப் புரட்டியுள்ளனர். இறுதிப் பகுதியில் வரும் பரிகாரப் பட்டியல், அதாவது கொடை பெறுவோர்க்கு விட்டுக்கொடுக்கப்படும் உரிமைகளின் தொகுப்பு, வழக்கமான வாய்பாடு என்று கடந்து செல்லப்பட்டுவிட்டது.

அந்த வாய்பாட்டில் ஓர் உறுப்பு, சுட்ட செங்கல்லால் மாடமும் மாளிகையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது. அதைச் சூழ்ந்து வருபவை: துரவும் கிணறும் தோண்டலாம், தென்னந்தோப்பு வைக்கலாம், மருவும் செங்கழுநீரும் நடலாம், பெருஞ்செக்கு இடலாம். இவை பிற சோழர் செப்பேடுகளிலும் ஏறக்குறைய இதே கோவையில் வருவதால், ஆனைமங்கலத்துக்கென்று தனியே சிந்தித்து எழுதியவை அல்ல என்பது உண்மையே. ஆனால் வாய்பாடு என்பதனால் பொருள் குறைந்துவிடாது. மாறாக, எங்கும் எடுத்தாளும் அளவுக்கு அவ்வுரிமை அரசு எழுத்தரின் நெஞ்சில் ஊன்றியிருந்தது என்பதற்கு அதுவே சான்று. தஞ்சையில் இராசராசேச்சரம் கல்லின்மேல் கல்லாக எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், சுட்ட செங்கல் அரசனின் இசைவு பெற்றே பயன்படுத்தத்தக்க பொருளாக இருந்தது. கைவிடப்பட்ட பழம்பொருளுக்கு யாரும் உரிமைச் சீட்டு வழங்குவதில்லை.

இவ்வுரிமையின் தன்மை யாது? சமூக மதிப்பைக் குறிப்பது என்பது எளிதில் தோன்றும் விடை. அதற்கு வலுவும் உண்டு. கொங்குநாட்டுக் கம்மாளர்க்குக் கோனேரின்மைகொண்டான் வழங்கிய ஆணையில், நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிப் பேரிகை கொட்டுதல், செருப்பணிந்து வெளியே செல்லுதல் ஆகியவற்றுடன், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளுதலும் புதிய உரிமையாகத் தரப்படுகிறது. கல்லறுத்து இரும்படித்து ஊர்க் கோயிலையெல்லாம் எழுப்பியவர்கள் தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச அரசாணை வேண்டியிருந்தது. சுவரின் பொருளே அதனுள் வாழ்பவரின் தரத்தை அறிவித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆயினும் ஆனைமங்கல வாசகத்தை மதிப்புரிமையாக மட்டும் வாசித்தால் அதன் அண்டைச் சொற்கள் பொருளற்றுப் போகின்றன. கிணறும், தோப்பும், செக்கும் நிலத்தின் பயன்பாட்டை மாற்றும் செயல்கள். நீரையோ நெல் விளையும் பரப்பையோ வரிக்குரிய விளைவையோ தொடுபவை. செங்கல்லும் அவ்வகையினதே. செங்கல் அறுக்க வேண்டுமெனில் வயலின் மேல்மண் வெட்டப்பட வேண்டும். வெட்டிய வயல் பள்ளமாகும். பள்ளமான வயலுக்கு நீர்ப்பாய்ச்சல் கணக்கு மாறும். சூளை மூட்ட விறகு வேண்டும். இறையை நெல்லாக அளந்து வாங்கிய அரசு, மண்ணைச் சுட்டு மாளிகையாக்கும் செயலைத் தன் கண்காணிப்பில் வைத்திருந்தது என்று கொள்வதே பட்டியலின் கோவைக்குப் பொருந்துகிறது. இது ஊகம் என்பது மறுக்கப்படவில்லை. ஆனால் சோழர் சாசனங்களில் இறை நீக்கப்பட்ட இடங்களாக ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு எனத் திரும்பத் திரும்ப வரும் பெயர்களுள் சூளை இடம்பெறாமையையும் இத்துடன் சேர்த்து எண்ண வேண்டும். குயவர் மீதான குசக்காணம் வரிப் பட்டியலில் உண்டு. செங்கற்சூளைக்கு நிலையான இடமில்லை. காரணம், சூளை ஓரிடத்தில் நிலைத்து நின்றதன்று. அறுவடை முடிந்த வயலில் எழுந்து, நீர் வருமுன் கலைந்துபோனது என்பதாகலாம். இன்றும் படுகையின் நாட்டுச் சூளைகள் அப்படித்தான் இயங்குகின்றன.

விகாரமே செங்கல் கட்டடமாக இருந்ததா என்பது அடுத்த வினா. நாகப்பட்டினத்தில் 19ஆம் நூற்றாண்டு வரை நின்ற, ஐரோப்பியர் சீனக் கோபுரம் என அழைத்த மூன்று நிலைச் சதுரக் கோபுரம், சாந்தின்றி நெருக்கி அடுக்கிய செங்கற்களால் ஆனது என வால்டர் எலியட் 1878இல் எழுதியுள்ளார். இயேசு சபையார் அரசின் இசைவுடன் 1867இல் அதை இடித்தனர். அதைச் சூடாமணி விகாரத்தின் எச்சமெனச் சிலர் கொண்டனர். மாறாக, 14ஆம் நூற்றாண்டின் சீனப் பயணி வாங் தாயுவான், நாகப்பட்டினமாகக் கருதப்படும் ஓர் இடத்தில் மண்ணாலும் செங்கல்லாலும் ஆன ஒரு கோபுரத்தைக் குறிப்பிட்டு, அதில் 1267ஆம் ஆண்டுக்கு இணையான சீன ஆண்டில் பணி முடிந்ததாக எழுதியிருந்தது என்கிறார். எலியட் கண்டதும் வாங் சொன்னதும் ஒன்றா, ஒன்றெனில் அது 11ஆம் நூற்றாண்டு விகாரத்தின் மேல் எழுந்ததா என்பன இடிபாட்டுடன் போய்விட்ட வினாக்கள். அவற்றுக்கு ஓர் ஆண்டைக் கட்டாயப்படுத்திப் பொருத்துவதில் பயனில்லை. எக்காலத்ததாயினும், கற்றளிகளின் உச்சக் காலத்திலோ அதற்குப் பின்னரோ இக்கடற்கரையில் ஓங்கி நின்ற ஒரு கட்டடம் செங்கல்லால் ஆனது என்பது மட்டும் உறுதி.

மன்னார்குடிக்கு வருவோம். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு 1090இல் மீண்டும் செப்பேடு அளித்த முதலாம் குலோத்துங்கனின் காலத்ததாகவே இராசகோபாலசுவாமி கோயிலின் தொடக்கமும் கொள்ளப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை விசயராகவ நாயக்கர் அதனை இன்றைய பேருருவுக்கு விரித்தார். ஏறத்தாழ 150 அடி உயரமுள்ள அதன் இராசகோபுரம், நாயக்கர் காலக் கோபுரங்கள் அனைத்தையும் போலவே, கீழ்நிலை வரை கருங்கல்லும் அதற்கு மேல் செங்கல்லும் சுண்ணச்சாந்தும் சுதையுமாக எழுந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் உச்சி வரை கல்லாக நிற்பதை விதியாகக் கொண்டு படுகையை அளந்ததே பாலசுப்பிரமணியம் வாசிப்பின் அடிப்படைச் சிக்கல். அது விதியன்று, விதிவிலக்கு. இளகிய வண்டல் மண்ணில் உயரத்தைத் தாங்கவல்ல எடைகுறைந்த பொருள் செங்கல்லே என்பதைத் தச்சர் மறக்கவில்லை. கல் வந்தபோது செங்கல் அகலவில்லை. சுவரிலிருந்து மேலேறிக் கோபுரத்துக்கும் விமானத்துக்கும் போயிற்று. 1802இல் சரபோசி மன்னர் ஒரத்தநாட்டில் எடுத்த முத்தாம்பாள் சத்திரம் போன்ற கட்டடங்களுக்குப் பக்கவாட்டிலும் பரவிற்று.

இத்தனை செங்கல்லுக்கான மண் எங்கிருந்து வந்தது? ஊரின் ஏறத்தாழ 23 ஏக்கர் பரப்புள்ள அரித்திரா நதிக் குளத்தைச் சுட்டுவது இயல்பு. குளம் வெட்டிய மண்ணை மதிலுக்கும் மேட்டுக்கும் சூளைக்கும் கொண்டுபோவது படுகை ஊர்களில் பழகிய முறை. மதிலழகுக்குப் பெயர்பெற்ற ஊரில் குளமும் மதிலும் கோபுரமும் ஒரே மண்வேலையின் பகுதிகள் என்று கொள்ளத் தடையில்லை. எனினும் குளத்தின் காலம் உறுதியாகாத நிலையில் இதற்கு மேல் அழுத்தம் தருவது முறையன்று.

கட்டடத்தைக் கடந்து உழைப்புக்கு வரும்போது, சாசனங்கள் வாய் மூடிக்கொள்கின்றன. பிற்காலத் தொழில்முறையிலிருந்து பின்னோக்கிச் செல்வதொன்றே வழி. சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் வயல் காய்ந்ததும் மண் வெட்டிக் குவித்து, நீர் விட்டு மிதித்துப் பதமாக்கி, மர அச்சில் கல் அறுக்கின்றனர். பச்சைக்கல் வெயிலில் உலர்ந்தபின் சூளை அடுக்கி, மண் பூசி, விறகும் உமியும் இட்டு மூட்டம் போடுகின்றனர். சூன் 12இல் மேட்டூர் அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டால் குறுவைக்கு வயல் தேவை. மழை இறங்கினால் பச்சைக்கல் கரையும். ஆகவே கோடையே சூளையின் பருவம். அப்பருவத்தில் வயலில் வேலையில்லாத நிலமற்ற உழவுத் தொழிலாளர்களே சூளைக்கு வந்தனர். நெல்லின் உமி எரிபொருளாகவும், நெல்லின் ஓய்வுக்காலம் வேலைக்காலமாகவும், நெல்லின் நிலம் மூலப்பொருளாகவும் அமைந்த இத்தொழிலை வேளாண்மையிலிருந்து பிரித்து எழுதுவதே தவறு. முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு சூளையில் தங்கி உழைத்துக் கடனை அடைக்கும் முறை, 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழில் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகும் தமிழகச் சூளைகள் பலவற்றில் மறையாதிருந்தது என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே.

செங்கல் அறுத்தவர் செங்கல் வீட்டில் வாழவில்லை. ஆனைமங்கலம் அமைந்த அதே நாகப்பட்டினத்து நெல்நிலப் பகுதியில், கீழவெண்மணியில், 1968 திசம்பர் 25 இரவில், கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு கூரைக் குடிசைக்குள் எரிந்து மாண்டனர். அந்தக் குடிசையின் சுவரும் கூரையும் தற்செயலானவை அல்ல. சுட்ட செங்கல்லை உரிமையாக்கி வழங்கிய ஒழுங்கு, யாருக்கு அது வழங்கப்படவில்லை என்பதையும் தலைமுறைகளுக்குத் தீர்மானித்திருந்தது. 11ஆம் நூற்றாண்டுச் செப்பேட்டுக்கும் 20ஆம் நூற்றாண்டுக் குடிசைக்கும் இடையே நேர்கோடு இழுக்கப் போதிய ஆவணம் இல்லை. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் எத்தனையோ ஆட்சிகள் மாறின. ஆனால் சாந்து பூச ஆணை வேண்டிய சமூகத்துக்கும், மண்சுவரே சேரிக்கு விதி என்றிருந்த சமூகத்துக்கும் உள்ள உறவைக் காண மறுப்பது எச்சரிக்கையாகாது, அது கண்மூடல். கிருட்டிணம்மாள் செகந்நாதன் இப்பகுதியில் நிலத்துக்காகப் போராடியதோடு குடிசைகளைச் செங்கல் வீடுகளாக்கவும் பாடுபட்டதும், 2010இல் தொடங்கிய கலைஞர் வீடு வழங்கும் திட்டம் குடிசை மாற்றத்தையே தன் நோக்கமாகக் கொண்டதும், இந்நீண்ட மறுப்பின் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டியவை.

பாலசுப்பிரமணியம் ஊர் ஊராக நடந்து தொகுத்த சான்றுகள் இல்லையேல் இந்த மறுப்பையே எழுத இயலாது. அவர் கல்வெட்டைத் தேடினார். கல்வெட்டு இருந்த இடத்தில் கல்லைக் கண்டார். இனித் தேவைப்படுவது கற்களின் மேலே உள்ளவற்றின் பதிவு. குடமுழுக்குத் திருப்பணிகளின்போது படுகைக் கோயில்களின் கோபுரங்களிலிருந்து பழைய செங்கற்கள் பெயர்க்கப்பட்டு, சேம்பர் செங்கல்லும் சிமெண்டும் அவ்விடத்தில் வைக்கப்படுகின்றன. பெயர்த்தவை குப்பையோடு போகின்றன. திருப்பணிக் குழுக்களும் அறநிலையத் துறையும், பெயர்க்கும் ஒவ்வொரு நிலையிலிருந்தும் சில செங்கற்களையாவது அளந்து, எந்த நிலையில் இருந்தது எனக் குறித்து, ஊர் அருங்காட்சியகத்தில் சேர்க்க வேண்டும்.