டைட்டர் வேல்யூ சொல்றவர்தான் ஃப்ரெண்டா? சேலம், நாமக்கல் பார்மசி மாணவர்களின் கேங் வாழ்க்கை

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முதலில் காதில் விழுவது விசைத்தறிச் சத்தம். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பவானி. தோளில் ஒரு பை, கையில் ஒரு பக்கெட், பக்கெட்டுக்குள் போர்வை. பி.பார்ம் சீட் கிடைத்து குமாரபாளையத்தில் வந்து நிற்கும் உங்கள் மனசில் ரெண்டே கேள்விதான் ஓடும். மெஸ் சாப்பாடு எப்படி இருக்கும்? இங்கே நமக்கு யாரு இருக்கா?

முதல் கேள்விக்கு ஒரு வரி பதில்: முட்டைக்குப் பஞ்சம் இருக்காது, நாமக்கல் மாவட்டம் ஆச்சே. ரெண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

சேலத்திலிருந்து கோவை போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய இந்தப் பகுதியில் பார்மசி கல்லூரிகள் அதிகம். குமாரபாளையத்தில் 1985-ல் தொடங்கிய ஜே.கே.கே. நடராஜா பார்மசி கல்லூரி, திருச்செங்கோடு பக்கம் எளையாம்பாளையத்தில் சுவாமி விவேகானந்தா பார்மசி கல்லூரி, சேலத்தில் விநாயகா மிஷன்ஸ் என்று வரிசையாகச் சொல்லலாம். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, லாரி டிரைவர் மகள், ரிக் வண்டியில் வட மாநிலம் போய் வரும் அப்பாவின் பையன், கேரளாவிலிருந்து வந்தவர் என எல்லோரும் ஒரே லேப் டேபிளில் நிற்பார்கள். யாரையும் யாருக்கும் முன்பின் தெரியாது. அடுத்த நாலு வருஷத்துக்கு இவர்கள்தான் உங்கள் சொந்தபந்தம்.

அமெரிக்காவில் 'சாப்டர்', நம்மூரில் 'கேங்'

அமெரிக்காவில் இந்த சொந்தபந்தத்துக்குப் பெயர், கொடி, உறுதிமொழி எல்லாம் வைத்திருக்கிறார்கள். பார்மசி மாணவர்களுக்கென்றே தனிச் சகோதரத்துவ அமைப்புகள் உண்டு. கப்பா சை 1879-ல் தொடங்கியது. ஃபை டெல்டா கை 1883-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பெண்களுக்காக 1913-ல் பாஸ்டனில் லாம்ப்டா கப்பா சிக்மா வந்தது. பெயரெல்லாம் கிரேக்க எழுத்துகள். ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கும் கிளைக்கு 'சாப்டர்' என்று பெயர். புதிதாகச் சேரும் மாணவருக்கு ஒரு சீனியரை 'பிக்' என்று ஒதுக்குவார்கள், ஜூனியர் 'லிட்டில்'. பாடம் முதல் வேலை வரை பிக் கூடவே வருவார்.

நம்மூரில் கிரேக்க எழுத்தும் இல்லை, கொடியும் இல்லை. ஆனால், பிக் இருக்கிறார். முதல் வாரமே ஹாஸ்டல் வராண்டாவில் வந்து, ``எந்த ஊருங்க தம்பி? எடப்பாடியா? அட, நமக்குப் பக்கந்தான்" என்று ஆரம்பிப்பார். அவருடைய பழைய ரெக்கார்டு நோட்டு, அவருடைய சீனியர் கொடுத்த புத்தகம், பாதி தேய்ந்த கல்வமும் குழவியும் உங்கள் அறைக்கு வந்து சேரும். யாரும் உறுதிமொழி எடுக்கச் சொல்வதில்லை. எடுக்காமலே நீங்கள் கட்டுப்பட்டுவிடுவீர்கள். நல்லதும் கெட்டதும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

மேத்ஸ் பையன், பயாலஜி பொண்ணு

முதலில் நல்லது. பி.பார்ம் பாடத்திட்டத்திலேயே நட்புக்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. ப்ளஸ் டூவில் கணிதம் எடுத்தவர்கள் முதல் செமஸ்டரில் ரெமிடியல் பயாலஜி படிக்க வேண்டும். பயாலஜி எடுத்தவர்களுக்கு ரெமிடியல் மேத்ஸ். அதாவது, இவருக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியாது. லாகரிதம் சொல்லிக்கொடுத்துவிட்டு பதிலுக்கு நெஃப்ரான் படம் வரையக் கற்றுக்கொள்ளும் பண்டமாற்று இரவு 11 மணிக்கு நடக்கும். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவருக்கு இந்தப் பண்டமாற்றுதான் உயிர். வகுப்பில் கேட்கக் கூச்சப்பட்ட சந்தேகத்தை ரூம்மேட்டிடம், ``டேய், பயோஅவைலபிலிட்டின்னா என்னடா?" என்று கேட்டுவிடலாம். ``முழுங்குன மருந்துல எவ்வளவு ரத்தத்துக்குப் போய்ச் சேருதுங்கிற கணக்குடா." முடிந்தது விஷயம்.

ரெண்டாம் வருஷம் இன்னொரு கூட்டம் வந்து சேரும். டி.பார்ம் முடித்தவர்கள் லேட்டரல் என்ட்ரியில் நேராக மூன்றாம் செமஸ்டருக்கு வருவார்கள். இவர்களைக் கொஞ்சம் தள்ளியே வைத்துப் பார்க்கும் பழக்கம் சில பேட்ச்களில் இருக்கிறது. என்னைக் கேட்டால் அது மகா தப்பு. டி.பார்மில் 500 மணி நேரம் நேரடிப் பயிற்சி கட்டாயம். கவுன்ட்டரில் நின்று பழகியவர்கள். டாக்டர் கையெழுத்தைப் பார்த்தவுடன் படிப்பார்கள். ``இது மாத்திரை இல்லடா, சொட்டு மருந்து" என்று அவர் சொல்வதை நீங்கள் எந்தப் புத்தகத்திலும் படிக்க முடியாது.

``எவ்வளவு வந்துச்சு மச்சி?"

இனி விஷயத்துக்கு வருவோம். பார்மசி லேப்பில் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். டைட்ரேஷன் செய்கிறீர்கள். பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தில் நிறுத்தி, எத்தனை மில்லி செலவானது என்று குறிக்க வேண்டும். அதுதான் டைட்டர் வேல்யூ. ஒரு சொட்டு அதிகமானால் கண்ணாடிக் குடுவையில் இளஞ்சிவப்புக்குப் பதில் ரோஸ்மில்க். மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். மணியோ மூன்றே முக்கால், நாலரைக்கு பஸ்.

அப்போது பக்கத்து டேபிள் நண்பர் காதோடு சொல்வார்: ``12.4 போட்டுக்கோ."

இந்த உதவியை மறுக்க யாருக்கும் மனசு வராது. பல வருஷமாகக் கைமாறி வரும் சீனியர் ரெக்கார்டில் அந்த 12.4 ஏற்கெனவே இருக்கும். மூணு ரீடிங்கும் அச்சு எடுத்த மாதிரி ஒன்றாக இருக்கும். நிஜ டைட்ரேஷனில் அப்படி வருவது அபூர்வம் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் எழுதுவோம். 'இதுல என்ன இருக்கு, வெறும் பிராக்டிக்கல்தானே' என்று தோன்றும்.

2025 அக்டோபரை நினைத்துப் பாருங்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பைக் குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் மத்தியப் பிரதேசத்தில் இறந்துபோனார்கள். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, சிரப்பில் 48.6 சதவிகிதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்தது. சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும் நச்சு அது. சிரப்பில் கரைப்பானாகச் சேர்க்கும் புரொப்பிலீன் கிளைகாலும் இதுவும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். ரெண்டுமே நிறமில்லாத, கொழகொழப்பான திரவம். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, சோதித்துத்தான் தெரியும். வாங்கும் ஒவ்வொரு மூலப்பொருளையும், தயாரிக்கும் ஒவ்வொரு பேட்ச்சையும் ஒருவர் உட்கார்ந்து சோதித்து, கிடைத்த எண்ணை அப்படியே எழுத வேண்டும். அந்த வேலைக்குப் போகிறவர்கள் யார்? குமாரபாளையத்திலும் சேலத்திலும் மூன்றே முக்கால் மணிக்கு பியூரெட் முன்னால் நிற்கிற நீங்கள்தான்.

அதனால் இன்னொரு வகை நண்பர் வேண்டும். ``12.4 போடாதடா, உனக்கு 13.1 வந்திருந்தா 13.1னு எழுது. எதனால வந்துச்சுன்னு பார்ப்போம். நாலரை பஸ்ஸை விடு, அஞ்சேகால்ல போலாம்" என்று கூடவே நிற்பவர். இவர் கொஞ்சம் எரிச்சலூட்டுவார். கேங்கில் இவருக்கு 'சயின்டிஸ்ட்' என்று பட்டப்பெயர்கூட விழும். விடாதீர்கள் அவரை.

வாரத்துக்கு ஒண்ணா, தினமும் ஒண்ணா?

இந்தப் பழக்கம் லேப்போடு முடிவதில்லை. ஆறு வருஷப் படிப்பான பார்ம்.டி, இந்தியாவில் 2008-ல் வந்தது. அதன் மாணவர்கள் மருத்துவமனை வார்டுக்கே போய் நோயாளிகளின் மருந்துச்சீட்டைப் படிப்பார்கள். கடைசி வருஷம் முழுக்க இன்டர்ன்ஷிப். அங்கே ஒருவர் பார்த்ததை இன்னொருவர் மறுபடி பார்ப்பதுதான் பாதுகாப்பு.

மெத்தோட்ரெக்ஸேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும்போது அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மருந்து. தெரியாமல் தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கும், உயிரே போகலாம். அதோடு ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் எழுதுவார்கள், அதுவும் சின்ன மாத்திரை. அவசரத்தில் எது வாரத்துக்கு, எது தினசரி என்று கவரில் மாற்றி எழுதிவிட முடியும். உலகம் முழுக்க நடந்திருக்கும் தவறு இது. டீக்கடையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் இப்படிக் கேள்வி கேட்டு மடக்கும் ஒரு கேங் உங்களுக்குக் கிடைத்தால், தட்டுவடை செட்டுக்கு நீங்களே காசு கொடுக்கலாம்.

ராகிங் நட்பில்லை

'ஃப்ரெண்ட்ஷிப்புக்குத்தான் தம்பி கலாய்க்கிறோம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-லேயே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது. தேசிய ராகிங் எதிர்ப்பு உதவி எண் 1800-180-5522. போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

கேங்குக்கு வெளியேயும் கதவு இருக்கு

ஊர்க்காரர், ரூம்மேட் வட்டத்தைத் தாண்டிப் போக விரும்பினால், 1939-ல் தொடங்கிய இந்தியன் பார்மசூட்டிகல் அசோசியேஷனின் மாணவர் பிரிவில் சேரலாம். உலக அளவில் 1949-ல் லண்டனில் தொடங்கிய சர்வதேச பார்மசி மாணவர் கூட்டமைப்பு இருக்கிறது. வெளிநாட்டில் சில வாரம் பயிற்சி பெறும் மாணவர் பரிமாற்றத் திட்டமும் அவர்களிடம் உண்டு.

செப்டம்பர் 25 உலக பார்மசிஸ்ட் தினம், நவம்பர் மூன்றாவது வாரம் தேசிய பார்மசி வாரம். பேரணி, ரத்த தானம், ரங்கோலி எல்லாம் நடக்கும். ரங்கோலியில் மாத்திரை வரைவது போதும் என்பது என் கருத்து. இந்த ஊருக்கென்றே ஒரு வேலை காத்திருக்கிறதே! கோழிப்பண்ணை ஊர் இது. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டின் ஆன்டிபயாடிக்கை, உணவுக்காக வளர்க்கும் கோழி, கால்நடைகளுக்குப் பயன்படுத்த மத்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது. ஏன் தடை என்று பண்ணைக்காரருக்கு அவர் பாஷையில் எடுத்துச் சொல்ல, பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளையை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? அதேபோல, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மாத்திரை போட்டு உடம்பெல்லாம் தடித்தால் 1800-180-3024 எண்ணில் தெரிவிக்கலாம் என்று சொல்லிக்கொடுங்கள். மருந்துகளின் பக்கவிளைவைப் பதிவு செய்யும் தேசிய உதவி எண் அது.

``சர்டிபிகேட்டை மட்டும் குடு தம்பி"

நாலு வருஷம் முடிந்தது. தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவு செய்து, பதிவுச் சான்றிதழும் கைக்கு வந்துவிட்டது. இப்போதுதான் உங்கள் நட்பு வட்டத்துக்கு நிஜமான பரீட்சை.

ஒருநாள் போன் வரும். ``தம்பி, ஒரு மெடிக்கல் ஷாப் இருக்குது. உன் சர்டிபிகேட்டை மட்டும் வெச்சுக்குவாங்க. நீ கடைக்கே வர வேண்டாம். மாசாமாசம் அக்கவுன்ட்ல காசு விழுந்துரும்." பேசுபவர் யாரோ புரோக்கராக இருக்க வேண்டியதில்லை. முதல் வாரம் ஹாஸ்டல் வராண்டாவில் ``எந்த ஊருங்க தம்பி?" என்று கேட்ட அதே அண்ணனாகவும் இருக்கலாம். ரெக்கார்டு கொடுத்தார், 12.4 கொடுத்தார், இப்போது இதையும் ஓர் உதவியாகத்தான் நினைத்துக் கொடுக்கிறார். வீட்டிலும், ``சும்மா கெடக்கிற பேப்பர்தானே சாமி, கடன் அடையுமில்ல" என்பார்கள். கல்விக் கடன் தவணை தொடங்கியிருக்கும் நேரத்தில் இது சின்ன ஆசை இல்லை.

ஆனால், அந்தக் கவுன்ட்டரில் உங்கள் பெயர் மாட்டியிருக்கும், நீங்கள் இருக்க மாட்டீர்கள். வாரத்துக்கு ஒன்றைத் தினமும் ஒன்றாக யாரோ எழுதிக் கொடுப்பார். மருந்துச்சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற பார்மசிஸ்ட்டின் வேலை என்கிறது 1948-ம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-வது பிரிவு. தவறு செய்தவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்க 36-வது பிரிவில் வழி இருக்கிறது. பெயர் போனால் படித்த படிப்பும் போன மாதிரிதான்.

அண்ணனிடம் சண்டை போட வேண்டாம், உறவை முறிக்கவும் வேண்டாம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ``அண்ணா, கடைக்கு நானே வந்து நிக்கிறேனுங்க. சம்பளம் எவ்வளவுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கண்ணா." சில கடைக்காரர்கள் அதோடு போனை வைத்துவிடுவார்கள். சிலர், ``சரி, திங்கக்கிழமை வரச் சொல்லு" என்பார்கள். உங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த ரெண்டாவது வகைக் கடைகளின் பெயரை மட்டும் பகிர்ந்துகொள்ளுங்கள். எங்கே ஆள் தேவை, எந்த கம்பெனி டெஸ்டிங் லேப்பில் இன்டர்வியூ, ஜிபேட் எழுத யார் படிக்கிறார்கள் என்கிற செய்திகளும் அங்கேயே ஓடட்டும்.

திங்கக்கிழமை போகும்போது வெள்ளைக் கோட்டை மறக்காதீர்கள். பெயரும் பதிவு எண்ணும் உள்ள பேட்ஜோடு கவுன்ட்டரில் நிற்க வேண்டும் என்பது 2015-ம் ஆண்டு பார்மசி பிராக்டிஸ் விதி. முதல் வருஷம் வாங்கிய கோட் வேண்டாம், அதில் நாலு வருஷ அயோடின் கறை இருக்கும். புதுசா ஒண்ணு தைத்துக்கொள்ளுங்கள்.