முட்டுக்கட்டையின் கதை: தேரடி முதல் ஜீரோ கேட் வரை

தமிழ்ல ரெண்டு வார்த்தைக்கு ரொம்ப நாளா அநியாயம் நடந்துக்கிட்டு இருக்கு மக்களே. ஒண்ணு 'முட்டுக்கட்டை'. நல்ல காரியத்தை எவனாவது கெடுத்தா 'முட்டுக்கட்டை போடுறான்'னு திட்டுறோம். இன்னொண்ணு 'முட்டு'. ஒரு கட்சிக்கோ நடிகருக்கோ கண்ணை மூடிக்கிட்டு வக்காலத்து வாங்கினா 'முட்டுக் குடுக்கிறான்'. ரெண்டுமே வசவு ஆயிடுச்சு. ஆனா இந்த ரெண்டும் இல்லாம எங்க வடசென்னையில ஒரு பெரிய வண்டி நிம்மதியா நிக்க முடியாது. அதனால இந்தப் பதிவு, முட்டுக்கட்டைக்கு ஒரு முட்டு :-)

சரித்திரம்னு எழுத உட்கார்ந்தா எல்லாருமே 'ஓடின' கதையைத்தான் எழுதுறோம். 1856ல ராயபுரத்துல இருந்து ரயில் ஓடுச்சு. 1895ல மெட்ராஸ்ல மின்சார டிராம் ஓடுச்சு. 1948ல தொடங்கின அசோக் மோட்டார்ஸ், எண்ணூர் ஆலையில ஆஸ்டின் காரைப் பூட்டி ஓடவிட்டுச்சு. அதுதான் 1955ல அசோக் லேலண்ட் ஆச்சு. திருவொற்றியூர்ல செஞ்ச புல்லட் ஊரெல்லாம் ஓடுச்சு. எல்லாம் சரி. ஓடின வண்டி எப்படி நின்னுச்சு? யார் நிறுத்தினாங்க? அதை யாரும் எழுதக் காணோம்.

தேரடி

திருவொற்றியூர் தியாகராஜர் கோயில்ல மாசி மாசம் பிரம்மோற்சவம். அதுல ஒரு நாள் தேர். மாட வீதி சுத்தி வர்ற நேரம் போக, வருஷம் பூரா தேர் ஒரே இடத்துலதான் நிக்குது. ஆனா ஊர்ல இடத்துக்குப் பேர் வச்சது ஓடின வீதியை வச்சு இல்ல, நின்ன இடத்தை வச்சு: தேரடி. இன்னைக்கு அங்க இருக்கிற மெட்ரோ ஸ்டேஷனுக்கும் அதே பேர்தான், திருவொற்றியூர் தேரடி.

இன்னொண்ணு கவனிச்சீங்களா? தேர் வடம் பிடிச்சாச்சுன்னு சொன்னா பாதிதான் முடிஞ்சுது. 'தேர் நிலைக்கு வந்துடுச்சு'ன்னு கேட்டாத்தான் ஊர் மூச்சு விடும். நிலைன்னா நிக்கிற இடம். வண்டி ஒழுங்கா போய் நின்னாத்தான் பயணம் முடிஞ்சுதுன்னு நம்ம பாட்டன் முப்பாட்டன் கணக்கு வச்சிருக்கான்.

மரத்தேருக்கு ஸ்டியரிங் கிடையாது, பிரேக் கிடையாது. முன்னால ஆயிரம் பேர் வடம் இழுப்பாங்க, அவ்வளவுதான். திருப்புறது, வேகத்தைக் குறைக்கிறது, நிறுத்துறது எல்லாமே சக்கரத்துக்கு அடியில போடுற ஆப்பு மாதிரியான ஒரு மரக்கட்டை. அதான் முட்டுக்கட்டை. நெல்லைப் பக்கம் சறுக்குக்கட்டைன்னு சொல்வாங்க. ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை குடுத்தா அந்தப் பக்கம் தயங்கும், எதிர்ப்பக்கம் முன்னேறும், தேர் திரும்பும். ரெண்டு பக்கமும் சேர்த்துக் குடுத்தா நிக்கும். உருண்டு வர்ற சக்கரத்துக்கு முன்னால குனிஞ்சு கட்டையை வச்சுட்டு, நசுங்காம கையையும் காலையும் எடுத்துக்கணும். ஆயிரம் பேர் இழுக்கிறதை நாலு பேர் அடக்குற வேலை அது. போட்டோல வடம் பிடிக்கிற வி.ஐ.பி. மட்டும்தான் தெரிவார்.

'இதெல்லாம் அந்தக் காலம்'னு சொல்றவங்களுக்குத் திருவாரூர் ஆழித்தேர். அலங்காரத்தோட 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. 1948க்கு அப்புறம் ஓடாம நின்ன தேர், 1970ல மறுபடி ஓடுச்சு. திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பண்ணிக் குடுத்தது. அத்தனை இருந்தும் வீதி முனையில திருப்பும்போது இன்னமும் மரக்கட்டைதான் பேசுது.

முன்பாரம், பின்பாரம்

தேரை விட்டு ராயபுரம் பக்கம் இறங்குவோம். துறைமுகத்துக்கு லாரி வர்றதுக்கு முன்னாடி சரக்கைச் சுமந்தது ரெண்டு சக்கர மாட்டு வண்டி. ரெண்டு சக்கரத்துல ஒரு சிக்கல் இருக்கு: தானா நிக்காது. மாட்டை அவுத்தா ஒண்ணு மூக்கு குத்தும், இல்லேன்னா குடை சாயும். அதனால அவுக்கிறதுக்கு முன்னாடி முன்பக்கத்துக்கு ஒரு கட்டையை அண்டக் குடுக்கணும், சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல்லு வைக்கணும். சக்கரம் ரெண்டு, முட்டு ஒண்ணு. மூணு இடத்துல தாங்கினாத்தான் எதுவும் நிக்கும்.

வண்டிக்காரங்க பாஷையில முன்பாரம், பின்பாரம்னு ரெண்டு சொல் உண்டு. முன்பாரம் அதிகமானா நுகத்தடி மாட்டுக் கழுத்தை அமுக்கும். பின்பாரம் அதிகமானா நுகத்தடி மேல தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டுக் கழுத்தை இறுக்கும். இன்னைக்கு காருக்குப் பின்னால சின்ன கேரவனைப் பூட்டிக்கிட்டு ஊர் சுத்துற வெள்ளைக்காரன், மொத்த எடையில பத்துல இருந்து பதினஞ்சு சதவீதம் மூக்குல விழணும்னு தராசு வச்சுப் பார்க்கிறான். நம்ம ஆளு மாட்டோட கழுத்தைப் பார்த்தே சொல்லிட்டான்.

கால் முளைச்ச வண்டி

1914ல அமெரிக்காவின் டெட்ராய்ட்ல ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப்னு ஒரு கொல்லர். மர வியாபாரி ஒருத்தர், தன் படகை ஃபோர்டு காருக்குப் பின்னால கட்டி இழுக்க ஒரு வண்டி கேட்டார். இவர் பண்ணிக் குடுத்ததுக்குப் பேர் 'செமி டிரெய்லர்'. ஏன் பாதி? பின்பாரத்துக்கு மட்டும்தான் சொந்தச் சக்கரம். முன்பாரம் இழுக்கிற வண்டி மேல. மாட்டு வண்டியேதான், மாட்டுக்குப் பதில் இன்ஜின்! இழுக்கிற வண்டியைக் கழட்டினா மூக்கு குத்தும்கிற அதே பிரச்சினையும் கூடவே வந்துச்சு. அதுக்குத்தான் முன்பக்கம் ரெண்டு இரும்புக் கால் முளைச்சுது. கைப்பிடி போட்டுச் சுத்தினா இறங்கும், ஏறும்.

1956 ஏப்ரல் 26ந் தேதி மால்கம் மெக்லீன்கிற லாரி முதலாளி 58 பெட்டியை 'ஐடியல் எக்ஸ்' கப்பல்ல ஏத்தி நியூவார்க்ல இருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். கன்டெய்னர் யுகம் ஆரம்பம். நம்ம துறைமுகத்துல கன்டெய்னர் முனையத்தை 1983 டிசம்பர் 18 அன்னைக்கு இந்திரா காந்தி திறந்து வச்சாங்க. அப்புறம் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, எண்ணூர்னு எங்க திரும்பினாலும் 20 அடி, 40 அடி பெட்டி. 2001ல எண்ணூர் துறைமுகமும் வந்துச்சு (2014ல அது காமராஜர் துறைமுகம் ஆச்சு).

இந்த ஏரியா மண்ணு எப்படின்னு தெரியுமில்ல? ஒரு பக்கம் கடல் மணல், இன்னொரு பக்கம் உப்பங்கழியைத் தூர்த்து மேடாக்கின நிலம். சின்னக் கணக்கு ஒண்ணு போடுவோம். முன்பாரம் 10 டன்னுன்னு வைங்க. காலுக்கு 5 டன். காலடித் தகடு 25 செ.மீ. சதுரம்னா, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலயும் 8 கிலோ. சித்திரை வெயில்ல இளகின தாரே குழியும், மணல் என்ன பண்ணும்? ஒரு கால் மட்டும் இறங்கினா பெட்டியோட சேர்ந்து சாயும். அதே காலுக்கு அடியில 50 செ.மீ. சதுரத்துக்கு ஸ்லீப்பர் கட்டையை அடுக்கினா 8 கிலோ 2 கிலோ ஆயிடும். பழைய மரக்கட்டை பண்ற வேலை இது.

நிறுத்துறதுக்கு ஒரு வரிசையும் இருக்கு. முதல்ல இடது வலது மட்டம் பார்க்கணும். பள்ளமான பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில பலகையைப் போட்டு ஏத்தணும். அடுத்து சக்கரத்துக்கு முன்னாலயும் பின்னாலயும் முட்டுக்கட்டை. அதுக்கு அப்புறம்தான் இழுக்கிற வண்டியைக் கழட்டணும், அதுவும் காலை இறக்கித் தாங்க வச்ச பிறகு. மூக்கை ஏத்தி இறக்கி முன் பின் மட்டம் சரி பண்றது கடைசி. சின்ன கேரவனா இருந்தா நாலு மூலையிலயும் மெல்லிசா நாலு கால் கூட இருக்கும். அது ஆட்டத்தை நிறுத்தத்தான், எடையைத் தூக்க இல்ல. ஜாக்கி மாதிரி அதை வச்சுத் தூக்கினா வளைஞ்சுடும். கொத்தனார் கையில இருக்கிற ரசமட்டம் ஒண்ணு போதும், இந்த வேலை முழுசுக்கும். கட்டை போடுறதுக்கு முன்னாடி கழட்டினா ரசமட்டத்துக்கு வேலையே இருக்காது, வண்டி போயிடும்.

காத்து இருந்தா என்ன?

'பிரேக் இருக்கும்போது கட்டை எதுக்கு?'ன்னு கேட்பீங்க. ஏர் பிரேக்குக்கு 1869ல காப்புரிமை வாங்கினவர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். இழுக்கிற வண்டியில இருந்து குழாய் கழண்டா டிரெய்லர் பிரேக் தானா பிடிக்கும், உண்மைதான். ஆனா ஸ்ப்ரிங் பிரேக் இல்லாத பழைய டிரெய்லர்ல, அப்படிப் பிடிக்கிறதும் தொட்டியில இருக்கிற காத்துதான். ராத்திரி பூரா கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சா விடியக்காலையில பிரேக் விட்டுடும். கட்டை கசியாது.

நம்பாதவங்க 2024 பிப்ரவரி 25 நியூஸைத் தேடிப் பாருங்க. ஜம்முவில் கதுவா ஸ்டேஷன்ல நின்ன ஜல்லி ஏத்தின சரக்கு ரயில், டிரைவர் இல்லாமலே சரிவுல உருண்டு பஞ்சாப்புக்குள்ள 70 கிலோமீட்டருக்கு மேல போயிடுச்சு. எதை வச்சு நிறுத்தினாங்க? தண்டவாளத்துல மரக்கட்டையும் மணல் மூட்டையும் போட்டு. நல்லவேளையா யாருக்கும் ஒண்ணும் ஆகல.

நிக்கவே விதிச்ச ரோடு

வடசென்னைக்காரனுக்கு டிரெய்லர்னா ஓடுற வண்டி இல்ல, நிக்கிற வண்டி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்லயும் மணலி ரோட்லயும் ஜீரோ கேட்டைப் பார்த்துக் கிலோமீட்டர் கணக்குல வரிசை. துறைமுகத்துக்கு மேம்பாலச் சாலைன்னு மதுரவாயல்ல இருந்து ஒண்ணு போட 2009ல அடிக்கல் நாட்டினாங்க, 2012ல வேலை நின்னுச்சு, 2022ல மறுபடி அடிக்கல். இந்த நிறுத்தலுக்கு மட்டும் பேப்பர்காரங்க ஞாபகமா 'முட்டுக்கட்டை'ன்னு எழுதினாங்க!

அந்த வரிசையில டிரைவருக்குச் சமையல், தூக்கம் எல்லாம் கேபினுக்குள்ளயோ வண்டி நிழல்லயோதான். வெயிலுக்கு டிரெய்லருக்கு அடியில துண்டு விரிச்சுப் படுத்திருக்கிறவங்களைத் தினமும் பார்க்கலாம். அவங்க தலைக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிற ஒரே காவல், கிளீனர் பையன் குதிச்சு இறங்கி வச்ச கல்லோ கட்டையோதான். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 126வது பிரிவு, டிரைவர் இல்லாம வண்டியை நிறுத்தினா பிரேக் போடணும், இல்லேன்னா தானா நகராதபடி வேற ஏற்பாடு பண்ணணும்னு சொல்லுது. அந்த 'வேற ஏற்பாடு'ங்கிற வார்த்தைக்குள்ளதான் நம்ம முட்டுக்கட்டை ஒளிஞ்சிருக்கு. ஆனா இப்ப நிறைய வண்டியில கிளீனரே கிடையாது. சம்பளம் மிச்சம். டிரைவரே இறங்கி, டிரைவரே கட்டை போடணும். மூணு நாள் தூக்கம் இல்லாத ஒருத்தர், பத்தடி முன்னால நகர்ந்து நிக்கிற ஒவ்வொரு தடவையும் இறங்குவாரா? இந்தக் கேள்வியைக் கன்டெய்னர் கணக்கு எழுதுற யாரும் கேட்கிறதில்ல.

தேருக்குக் கட்டை போட ஆள் இல்லைன்னா எந்த ஊர்லயும் வடத்தைத் தொட விடமாட்டாங்க. பக்தி எவ்வளவு இருந்தாலும் சரி. டிரெய்லருக்கு அந்த மரியாதை இன்னும் வரல.

கொசுறு: உங்க ஊர்த் தேர்ல கட்டை போடுறவங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க? கட்டைக்கு என்ன மரம்? மாட்டு வண்டிக்கு முன்னால அண்டக் குடுக்கிற கட்டைக்கு உங்க பக்கம் தனிப் பேர் உண்டா? தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க, சேர்த்து வச்சு இன்னொரு பதிவு போட்டுடலாம்.