மிட்டாய்க்குள் புகுந்த எலும்பு

கரடி பொம்மை வடிவில் வரும் ஜவ்வு மிட்டாய் தெரியாத பிள்ளைகள் இன்று குறைவு. அதற்கு அந்த ஜவ்வுத்தன்மையைத் தரும் ஜெலட்டின் பெரும்பாலும் பன்றித் தோலிலிருந்தோ மாட்டின் தோல், எலும்பிலிருந்தோ எடுக்கப்படுகிறது. கசாப்புக் கடையின் கழிவு இனிப்புக் கடைக்குப் போனது ஒரே நாளில் நடந்ததல்ல.

1679இல் லண்டனில் தெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர், மூடி இறுக்கிய பாத்திரத்தில் நீராவியை அடைத்து எலும்பைக் குழைய வைத்தார். நம் வீட்டுப் பிரஷர் குக்கருக்கு அதுவே பாட்டி. வீணாகும் எலும்பு ஏழைகளின் பசியைத் தீர்க்கும் என்று அவர் நம்பினார். அதே நம்பிக்கையில்தான் பின்னாளில் பாரிஸ் மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு எலும்பு ஜெலட்டின் சூப் ஊற்றினார்கள். அதை மட்டும் உண்டு உயிர்வாழ முடியாது என்று 1841இல் உடலியல் அறிஞர் மஜாந்தியின் குழு அறிவித்தது. உணவாகத் தோற்ற பொருளை இனிப்பு கைதூக்கிவிட்டது.

நியூயார்க்கில் பசை ஆலை நடத்திய பீட்டர் கூப்பர், ரயில் எஞ்சினும் கட்டியவர், 1845இல் ஜெலட்டின் இனிப்புத் தூளுக்குக் காப்புரிமை வாங்கினார். அதைப் பெரிய வியாபாரமாக்கவில்லை. லெராய் என்ற சிற்றூரில் இருமல் மருந்து விற்ற பேர்ல் வெய்ட், 1897இல் அதில் பழச்சுவை சேர்த்து ‘ஜெல்-ஓ’ என்றார். அவருக்கும் விற்கும் வித்தை கைவரவில்லை. 1899இல் உள்ளூர்க்காரர் ஒருவருக்கு 450 டாலருக்குக் கொடுத்துவிட்டார். வாங்கியவர் கையில் அது அமெரிக்கா முழுவதும் பரவியது.

மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். சதுப்புநிலச் செடியின் வேரிலிருந்து பிறந்த மார்ஷ்மெல்லோவில் வேர் போய் ஜெலட்டின் வந்தது. ஜெர்மனியின் பான் நகரில் ஹான்ஸ் ரீகல் 1922இல் அச்சில் வார்த்த கரடி மிட்டாயில் தொடக்கத்தில் இருந்தது மரப்பிசின். அங்கும் ஜெலட்டின் இடம்பிடித்தது.

அடுத்த திருப்பத்துக்குக் காரணம் ஒரு புற்றுநோய் மருந்து. செடுக்ஸிமாப் ஏற்றியதும் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வந்தது. ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரை மூலக்கூறுதான் காரணம் என்று 2008இல் தெரிந்தது. பெரும்பாலான பாலூட்டிகளின் உடலில் அது உண்டு, மனிதருக்கு இல்லை. பன்றி, மாட்டு ஜெலட்டினிலும் அது இருக்கலாம். உண்ணி கடித்த சிலரின் உடல் அதைப் பகையாகப் பார்க்கத் தொடங்குகிறது. இதை ஆராய்ந்த வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸையே உண்ணிகள் கடித்தன. பிறகொரு நாள் ஆட்டிறைச்சி உண்டு படுத்தவருக்கு நள்ளிரவில் உடலெங்கும் தடிப்பு. இந்த ஒவ்வாமை பெரும்பாலும் 2 முதல் 6 மணி நேரம் தாமதித்தே தாக்கும். அதனால் மாலையில் தின்ற மிட்டாயை யாரும் சந்தேகிப்பதில்லை.

எல்லா நோயாளிகளுக்கும் ஜெலட்டின் ஒத்துக்கொள்ளாது என்றில்லை. சிலருக்குச் சிறிதளவு உண்டாலே ஆபத்து. அவர்கள் உறையைப் படித்தாலும் முழு விவரம் கிடைக்காதது எனக்குப் பெரும் அநீதியாகப் படுகிறது. அமெரிக்கச் சட்டம் தனியாகக் குறிப்பிடச் சொல்லும் ஒன்பது ஒவ்வாமைப் பொருள்களில் பாலூட்டி இறைச்சி இல்லை. ‘ஜெலட்டின்’ என்று மட்டும் இருந்தால் அது பன்றியா, மாடா, மீனா? மீன் என்றால் இவர்களுக்கு இந்தப் பயம் இல்லை. ஹலால், கோஷர் முத்திரைகளும் போதாது. அவை மாட்டு ஜெலட்டினிலும் இருக்கலாம். பழத்திலிருந்து வரும் பெக்டின் கொண்டு உறையவைத்த மிட்டாயில் இந்தக் கேள்வியே எழாது.

இந்தியாவில் 2001 முதல் உறைகளில் வரும் சைவ, அசைவக் குறிகள் ஒவ்வாமைக்காகப் பிறந்தவையல்ல. ஆனாலும் ஜெலட்டின் மிட்டாயை அவை பிரித்துக் காட்டிவிடும். பாலும் ஆகாத நோயாளிகள் மட்டும் பச்சைப் புள்ளியோடு நின்றுவிடாமல் சேர்மானப் பட்டியலையும் படிக்க வேண்டும். பால் சேர்ந்த இனிப்புக்கும் அதே பச்சைதான்.