அரகோனைட்: ஒரு தப்பான பதிலின் கதை

பவளம், சோழி, சுண்ணாம்புக்கல் எல்லாமே கால்சியம் கார்பனேட்தான். ஆனால் சுண்ணாம்புக்கல்லில் பெரும்பாலும் இருப்பது கால்சைட், பவளத்தில் இருப்பது அரகோனைட். சரக்கு ஒன்று, படிகம் வேறு. இன்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துபோகும் இந்த விஷயம், இருநூறு வருடங்களுக்கு முன் பெரிய தலைவலியாக இருந்திருக்கிறது.

ஸ்பெயினில் மோலினா தெ அரகோன் என்ற ஊர்ப் பக்கம் கிடைத்த படிகத்துக்கு 1790-களில் வெர்னர் வைத்த பெயர்தான் அரகோனைட். பாரிஸில் ஹாவி என்ற பாதிரியார் அப்போதுதான் படிகவியலுக்கே அடித்தளம் போட்டிருந்தார். ஒரு பொருளுக்கு ஒரே அடிப்படை வடிவம்தான் இருக்க முடியும் என்பது அவர் கொள்கை. அரகோனைட் வந்து அதில் குறுக்கே விழுந்தது. கிளாப்ரோத், வோக்லான் மாதிரி கெட்டிக்கார வேதியியலாளர்கள் எல்லாம் அலசிப் பார்த்தும், கால்சைட்டில் இருப்பதைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை.

1813-ல் கோட்டிங்கனில் ஸ்ட்ரோமேயர் (பின்னால் காட்மியத்தைக் கண்டுபிடித்தாரே, அவரேதான்) அரகோனைட்டில் கொஞ்சம் ஸ்ட்ரான்ஷியம் இருப்பதைக் காட்டினார். வடிவம் மாறுவதற்கு அதுதான் காரணம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதன் அளவு மாதிரிக்கு மாதிரி மாறியது, சிலவற்றில் ஸ்ட்ரான்ஷியமே இல்லை! கடைசியில் மிட்ஷர்லிக், ஒரே பொருள் இரண்டு வடிவம் எடுக்கலாம் என்று 1820-களில் கந்தகத்தை வைத்து நிரூபித்தார்.

ஸ்ட்ரோமேயரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனசு வரவில்லை. கரைசலில் இருக்கும் வேறொரு அயனிதான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்பது கடலைப் பொறுத்தவரை பெரிதும் சரி. அயனிதான் தப்பு, அது மெக்னீசியம். ஸ்ட்ரான்ஷியம் அரகோனைட்டுக்குள் சுலபமாக உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். மெக்னீசியம் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொண்டு கால்சைட்டின் பரப்பில் ஒட்டி, அதன் வளர்ச்சியைத் தடுக்கும். அரகோனைட் கட்டமைப்பில் அதற்கு இடம் கிடையாது. அதனால் அரகோனைட் பாட்டுக்கு வளரும். தடயம் விட்டுப்போகாத இந்த ஆளை அரகோனைட்டை மட்டும் அலசி எப்படிக் கண்டுபிடிப்பது, சொல்லுங்கள்?

இன்றைய கடல்நீரில் ஒரு கால்சியத்துக்கு ஐந்து மெக்னீசியம் அயனிகள். இரண்டுக்குக் கீழே போனால் கால்சைட்டின் கை ஓங்கும். பழைய கடல்களில் இரண்டும் மாறிமாறி வந்திருப்பதை 1983-ல் சாண்ட்பெர்க் எழுதினார். 1996-ல் ஹார்டி அதற்குக் காரணம் சொன்னார்: நடுக்கடல் முகடுகளில் சூடான பசால்ட் பாறை மெக்னீசியத்தை வாங்கிக்கொண்டு கால்சியத்தைக் கொடுக்கிறது. முகடுகள் வேகமாக இயங்கிய கிரெட்டேசியஸ் காலத்தில் விகிதம் ஒன்றுக்குப் பக்கத்தில் இறங்கியது. டோவரின் வெள்ளைச் சுண்ணப் பாறைகள், கால்சைட் ஓடு கட்டிய நுண்பாசிகளால் ஆனவை, அந்தக் கடலில் படிந்தவைதான்.