வளைந்த ஆணி

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகிறவன், வேண்டியதை வாங்கி வருவதில்லை. வேண்டாத ஒன்றை வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் அதற்கு ஓர் அவசியத்தைக் கற்பித்துக்கொண்டு வருகிறான். அப்படித்தான் அந்தப் பழைய பாகடெல் பலகை என் கைக்கு வந்தது.

முழ அகலம், இரண்டு முழ நீளம், தலைப்பக்கம் வளைவு. பலகை முழுவதும் ஆணிகள். ஆணிகளால் வேலியிட்ட குழிகளில் 50, 75, 100 என்று எண்கள். வலது ஓரத்தில் ஸ்பிரிங் வைத்த கம்பி. அதை இழுத்துவிட்டால் குண்டு உச்சிவரை ஓடி, ஆணிகளில் முட்டி மோதிக்கொண்டு இறங்கும். விழுகிற குழியின் எண்தான் நம் சம்பாத்தியம்.

இந்த விளையாட்டின் பூர்வீகம் பிரான்ஸ். 1777-ல் பதினாறாம் லூயி மன்னரின் தம்பி, தம் அண்ணி மேரி அன்டாய்னெட்டிடம் பந்தயம் கட்டி, அறுபத்துச் சொச்சம் நாளில் பாரிஸ் அருகே ஒரு மாளிகையை எழுப்பினார். அதன் பெயர் பாகடெல். அங்கே ஆடிய மேஜை விளையாட்டுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது என்பார்கள். பிறந்த வீடே பந்தயத்தில் எழும்பியது. சூது என்ற பழி பின்னால் துரத்தியதில் என்ன ஆச்சரியம்? முதலில் கோலால் குண்டைத் தள்ளினார்கள். 1871-ல், அமெரிக்காவில் குடியேறிய மான்டேகு ரெட்கிரேவ் என்ற ஆங்கிலேயர், ஸ்பிரிங் வைத்த பலகைக்குக் காப்புரிமை பெற்றார்.

1931-ம் வருஷத்தைத் தாம்பரத்துக்காரர்கள் மறக்க முடியாது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய வருஷம் அது. அதே வருஷம் சிகாகோவில் டேவிட் காட்லீப் என்பவர், காசு போட்டு ஆடும் 'பாஃபிள் பால்' பெட்டியை விற்கத் தொடங்கினார். எங்கும் வேலையில்லாத் திண்டாட்டம். ஒரு சென்ட் போட்டால் சில நிமிஷம் கவலையை மறக்கலாம். பெட்டிகள் ஆயிரக்கணக்கில் விற்றன. பின்பால் யந்திரம் பெருகியது இப்படித்தான்.

நியூயார்க் மேயர் லா கார்டியாவுக்கு இது பிடிக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் காசைப் பறிக்கும் சூது என்றார். 1942-ல் தடை வந்தது. பெட்டிகளைச் சம்மட்டியால் உடைத்தார்கள். 1947-ல் 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற யந்திரத்தில், விழுகிற குண்டைத் திருப்பி அடிக்கச் சிறு துடுப்புகள் வந்தன. விதியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மனிதன் அன்றுதான் அதன் கையைப் பிடித்தான். ஆனாலும் சட்டம் இரங்கவில்லை. 1976-ல் ரோஜர் ஷார்ப் என்ற இளைஞர், நகர சபையார் முன்னிலையில், குண்டு நடுவழியாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லி ஸ்பிரிங்கை இழுத்தார். அப்படியே போயிற்று! தடையும் போயிற்று.

நம் பக்கமும் இப்படி ஒரு வழக்கு உண்டு. தாம்பரம் ரயில் போகும் வழியில்தானே கிண்டி? குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-ல் தமிழ்நாடு அரசு சட்டம் செய்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. குதிரைப் பந்தயத்தில் அதிர்ஷ்டத்தைவிடத் திறமையே மேலோங்கி நிற்கிறது என்று 1996-ல் தீர்ப்பாயிற்று.

என் பலகைக்கு வருகிறேன். தாம்பரத்தில் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் கொடுத்தேன். அவர் உப்புத்தாள் போட்டு அழுக்கை எடுத்தார். கரையான் அரித்த மூலையில் தேக்குத் துண்டு வைத்து இழைத்தார். துருவேறிய ஸ்பிரிங்கை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். சாய்ந்த ஆணிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாக நிமிர்த்தி வந்தவர், நூறாம் குழிக்கு மேலிருந்த ஆணியில் நின்றார்.

"இது தானா வளைஞ்சதில்லே சார். யாரோ வேணும்னே வளைச்சிருக்காங்க."

பலகையைத் திருப்பினோம். பின்பக்கத்தில் பென்சிலால் இரண்டு பத்தி: 'அக்கா', 'நான்'. இருபத்துமூன்று ஆட்டங்கள். இருபத்தொன்றில் அக்காவுக்கே ஜயம். துரு போனதும் கம்பியிலும் ஒரு ரகசியம் வெளிப்பட்டது: கத்தி நுனியால் கீறிய மெல்லிய கோடு. அந்தக் கோடு தெரியும் வரை இழுத்து விட்டேன். பத்துத் தடவையில் ஏழு தடவை குண்டு வளைந்த ஆணியில் தட்டி, நூறில் போய் உட்கார்ந்தது!

நியூயார்க்கில் ஷார்ப் செய்ததைத்தான் அந்த அக்காவும் செய்திருக்கிறாள். ஒரே வித்தியாசம், அவர் முன்கூட்டிச் சொன்னார், இவள் சொல்லவில்லை. எதிரே இருப்பவருக்குத் தெரியாத சாமர்த்தியத்துக்குத்தான் சூது என்று பெயரோ, என்னவோ!

"நிமிர்த்திடட்டுமா சார்?" என்றார் ஆசாரி, குறட்டைப் பிடித்தபடி.

நிமிர்த்தினால் பலகை நியாயமாகிவிடும். ஆனால் அது யாருடைய பலகையும் அல்ல. கடையில் வாங்கிய புதுப் பலகை. பின்பக்கத்து எண்களை மறுபடி பார்த்தேன். எல்லாம் ஒரே கையெழுத்து. தோற்ற குழந்தையே இருபத்தொரு தோல்விகளையும் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறது. ஜயிப்பதற்காக அது அந்த விளையாட்டை ஆடியிருக்குமா?

"வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

ஆசாரி குறட்டைக் கீழே வைத்தார். வார்னிஷ் பூசும்போது, நான் சொல்லாமலே, பின்பக்கத்தை விட்டுவிட்டார்.