புற்றுநோயை ஒத்த புண்: உமிழ்நீர்ச் சுரப்பி நோயறிதல் வரலாற்றில் ஒரு திருப்பம்

முன்னுரை

மேல் அண்ணத்தில் திடீரெனத் தோன்றும் பள்ளமான புண்ணும், அதன் திசுவில் நுண்ணோக்கி காட்டும் செதிள் செல் தீவுகளும் புற்றுநோய் என்ற முடிவுக்கே இட்டுச் செல்வன. அம்முடிவு தவறாயின் நோயாளி தேவையின்றி அண்ணத்தின் ஒரு பகுதியை இழப்பார். பேச்சும் விழுங்குதலும் பாதிக்கப்படும். இத்தவற்றைத் தவிர்க்கும் அறிவு உருவான வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரும் காரணமும்

1973ஆம் ஆண்டு ஆப்ராம்ஸ், மெல்ரோஸ், ஹோவெல் ஆகிய மூவரும் 'கேன்சர்' இதழில் ஏழு நோயாளிகளின் புண்களை விவரித்து, 'நெக்ரோடைசிங் சயலோமெட்டாப்ளேசியா' எனப் பெயரிட்டனர். சுரப்பித் திசுவின் இறப்பையும், நாளச் செல்கள் செதிள் செல்களாக உருமாறுவதையும் அப்பெயர் ஒருங்கே சுட்டுகிறது. இது புற்றுநோயை ஒத்த நோய் என்று தலைப்பிலேயே அவர்கள் குறிப்பிட்டனர்.

இந்நோய்க்கு இரத்த ஓட்டத் தடையே காரணம் என்னும் கருத்துக்கு முந்தைய ஆய்வொன்று துணைநின்றது. 1957இல் ஸ்டாண்டிஷ், ஷேஃபர் இருவரும் எலிகளின் உமிழ்நீர்ச் சுரப்பி இரத்தக் குழாய்களைக் கட்டி, இதையொத்த திசு மாற்றங்களைக் கண்டிருந்தனர். பல் மருத்துவத்தில் மரத்துப்போகச் செய்ய இடும் ஊசியும் உட்காயமும் இத்தடைக்கு வழிவகுக்கும் என்பர்.

வேறுபடுத்தும் அடையாளங்கள்

புற்றுநோய் சுரப்பியின் அமைப்பை ஊடுருவிச் சிதைக்கும். இந்நோயிலோ சுரப்புச் சிற்றறைகள் இறந்த பின்னும் நுண்மடல்களின் வடிவம் எஞ்சுகிறது. செல் தீவுகளின் விளிம்பு சீராகவும், உட்கருக்கள் பெரும்பாலும் இயல்பாகவும் உள்ளன. எனவே, தனிச் செல்லை உற்றுநோக்குமுன் குறைந்த உருப்பெருக்கத்தில் முழு அமைப்பையும் காண்பது முதன்மை பெற்றது. மேலோட்டமாக எடுத்த சிறு திசுத் துண்டில் இவ்வமைப்பு புலப்படாது.

1982இல் அன்னெரோத், ஹான்சன் ஆகியோர் இரத்த ஓட்டமின்றித் திசு இறத்தல், இறந்த திசு பிரிதல், புண்ணாதல், சீரமைதல், ஆறுதல் என ஐந்து நிலைகளை வகுத்தனர். ஒரே நோயின் திசு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறாகத் தோன்றுவதற்கு இப்பகுப்பு விளக்கமளித்தது. 1991இல் பிரானன் குழுவினர் 69 நோயாளிகளை ஆராய்ந்தனர். அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு இதனைக் கட்டியை ஒத்த நோய்களுள் சேர்த்தது.

முடிவுரை

இப்புண் பொதுவாகச் சில வாரங்களில் தானே ஆறிவிடும். ஆயினும் உண்மையான கட்டியின் அருகிலும் இம்மாற்றம் காணப்படலாம். ஆறாத புண்ணுக்கு மறு திசு ஆய்வு இன்றியமையாதது. 1973க்கு முன்னும் இதே திசு நுண்ணோக்கியில் தெரிந்திருக்கும். அதனைப் புற்றுநோயினின்று பிரித்துச் சுட்ட ஒரு பெயர் இருந்ததில்லை. நோயாளியின் வரலாறும், போதிய ஆழமுள்ள திசுவும், காத்திருந்து கண்காணித்தலும் இணையும்போதே நோயறிதல் முழுமை பெறுகிறது.