எண்ணிய கன்றும் அளந்த தண்ணீரும்

யாழ்ப்பாணத்து வலிகாமத்துத் தோட்டக் காணிகளின் பழைய உறுதிகளில் நிலம் ‘லாச்சம் வரகு’ என்றும் குழி என்றும் எழுதப்பட்டிருக்கும். 16 லாச்சம் வரகு ஓர் ஏக்கர். வரகு விதைப்பை வைத்துப் பேர் பெற்ற அளவை அது. அதே வலிகாமத்தின் புத்தூர்ப் பக்கத்தில் புகையிலைச் செய்கை என்று வந்துவிட்டால் பேச்சு மாறிவிடும்: எத்தனை ஆயிரம் கன்று? புள்ளியியல் முதலாவதைத் தொடர் தரவு என்கிறது, இரண்டாவதைத் தனித்த தரவு என்கிறது. இரண்டு லாச்சத்துக்கும் மூன்று லாச்சத்துக்கும் இடையில் எந்த அளவிலும் நிலம் இருக்கலாம். இரண்டு கன்றுக்கும் மூன்று கன்றுக்கும் இடையில் ஒன்றுமில்லை. தறை என்னவோ ஒன்றுதான். எனவே இந்த வேறுபாடு பொருளில் இல்லை, அதனிடம் நாம் கேட்கும் கேள்வியில் இருக்கிறது என்பதே என் கட்சி. கன்றுகளைப் பிசகாமல் எண்ணலாம்; ஆனால் அந்த எண் நிலத்தின் பரப்பைச் சொல்வது நடுகை இடைவெளி மாறாத வரைக்கும்தான்.

அளவுகோலின் கோடுகளையும் எண்ணத்தானே செய்கிறோம், அப்படியானால் எல்லா அளவும் எண்ணிக்கைதான் என்று சிலர் வாதிடுவர். நவக்கிரி நிலாவரைக் கிணறு இதற்கு விடை சொல்லும். 1859இல் வெளிவந்த தம் இலங்கை நூலில் எமர்சன் டெனன்ட் இந்தப் புத்தூர்க் கிணற்றைப் பற்றி எழுதினார். அதன் நீர் சில அங்குலம் ஏறி இறங்குவது அன்றே பேசப்பட்டது. ஓர் அங்குலம் ஏறிய நீர் இடையிலுள்ள ஒவ்வொரு மட்டத்தையும் தொட்டுத்தான் ஏறியது. முழு அங்குலமாக்கியது வாசித்தவரின் கை. மறுபக்கம், பங்குக் கிணற்றில் எட்டிலொன்று, பதினாறிலொன்று என்று உறுதிகள் சொல்வதால் பங்கு தொடர் தரவாகிவிடாது. பின்னமாக இருந்தாலும் அது பாகப்பிரிவினையில் வெட்டி வைத்த படிதான்.

இது வெறும் வகுப்பறைச் சங்கதி அல்ல. இப்பகுதிச் சுண்ணக்கல்லுக்குள் நன்னீர் மேலேயும் உவர்நீர் கீழேயும் நிற்கிறது. நடுவே கோடு கிடையாது, உப்பு கொஞ்சங் கொஞ்சமாக ஏறுகிறது. குடிநீரில் குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராம் என்ற வரம்பை வைத்துக் கிணறுகளை ‘நல்லது’, ‘உவர்’ என்று எண்ணினால், 245 உள்ள கிணறும் 40 உள்ள கிணறும் ஒரே நிரலில் விழும். வரம்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடிக்கலாமா என்று கேட்பவருக்கு ஆம், இல்லை என்ற விடைதான் வேண்டும். கிணறு கெட்டுக்கொண்டு வருகிறதா என்று கேட்பவருக்கு அது போதாது. பங்குக் கிணற்று இறைப்பிலும் இதே கதைதான். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் பங்காளிகளின் இறைப்பு முறைக் கணக்கே நீர்க் கணக்குக்கு ஈடாக நின்றது, ஆள்பலம் அவ்வளவுதான் என்பதால். பம்பு வந்த பிறகும் பங்காளிகளின் முறை நாள்கள் மாறவில்லை. ஒரு முறையில் வெளியேறிய தண்ணீர் மட்டும் பலமடங்காயிற்று, அதை எந்த உறுதியும் எழுதி வைக்கவில்லை.